கைது ரெக்கார்டு அழியுமா? தம்பிக்காக கேட்ட தங்கச்சிக்கு ஒரு நீண்ட பதில்

தங்கச்சி கேட்டதை முதல்ல சுருக்கமா சொல்லிடுறேன், வாசிக்கிற மத்தவங்களுக்கும் புரியணும். 2019ல கருங்கல் பக்கம் ஒரு திருவிழா ராத்திரி பயலுவளுக்குள்ள அடிதடி, தம்பியையும் சேத்து நாலஞ்சு பேரை ஸ்டேஷனுக்கு கொண்டு போய் கேஸ் போட்டு அரெஸ்ட் காட்டி ஜாமீன்ல விட்டாங்க. அடிபட்ட பையன் வீட்டுல அப்புறம் பேசி சமாதானம் ஆயாச்சு, எல்லாரும் கேஸ் முடிஞ்சுதுன்னே நினைச்சுட்டு இருந்தாங்க. இப்போ தம்பிக்கு குவைத்துல வேலை ரெடி, ஆனா வெளிநாட்டுக்கு வேணும்கிற போலீஸ் நற்சான்று பி.சி.சி. போட்டா போலீஸ் ரிப்போர்ட் சரியில்லைன்னு நிக்குது. பத்தாததுக்கு பொண்ணு பாக்க போன வீட்டுல யாரோ எஃப்.ஐ.ஆர். பிரிண்டையே கொண்டு காட்டியிருக்காங்க. இது எப்படி ஊரான் கைக்கு போச்சு, இதை அழிக்க முடியுமா, ஒரு ஆளு நாப்பதாயிரம் குடுத்தா கம்ப்யூட்டர்ல இருந்தே பேரை எடுத்துத் தாரேன்னு சொல்லுதாரு, குடுக்கலாமா?

கடைசி கேள்விக்கு முதல்ல பதில். குடுக்காதீங்க. பத்மநாபபுரம் கோர்ட்ல வக்கீல் குமாஸ்தாவா ரொம்ப வருஷம் வேலை பாத்தவன் சொல்லுறேன், அந்த ஆளால அதை செய்யவே முடியாது. ஒரு எஃப்.ஐ.ஆர். போட்டதும் அது ஸ்டேஷன்ல மட்டும் இருக்கிற சாமான் இல்ல, ஒரிஜினல் உடனே மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்கு போயிரும், ஸ்டேஷன் கம்ப்யூட்டர்ல ஏத்தினது சி.சி.டி.என்.எஸ்.னு நாடு முழுக்க இருக்கிற போலீஸ் நெட்வொர்க்ல போய் உக்காந்துரும், நாகர்கோவில் எஸ்.பி. ஆபீஸ்ல மாவட்ட குற்ற ஆவணக் காப்பகத்துலயும் விவரம் இருக்கும், சென்னையில மாநில அளவுலயும் இருக்கும். இத்தனை இடத்துல இருந்து ஒரு ரைட்டரோ ஒரு ஏட்டோ பேரை உருவி எடுக்க முடியாது. அப்படி எடுக்கச் சொல்லி பணம் குடுக்கிறதே தனி குற்றம், ஒரு பழைய சின்ன கேஸுக்காக புதுசா ஒரு பெரிய கேஸை வாங்கிக்க வேண்டாம்.

ரெண்டாவது கேள்வி, அழிக்க முடியுமா. யூடியூப்ல எக்ஸ்பஞ்ச்மென்ட்னு வர்ற வீடியோ எல்லாம் அமெரிக்கா சமாச்சாரம், அங்க பல மாநிலத்துல கோர்ட்டுல மனு போட்டு கைது ரெக்கார்டையே அழிக்கவோ மூடி சீல் வைக்கவோ சட்டம் இருக்கு. நம்ம நாட்டுல பதினெட்டு வயசு தாண்டினவங்களுக்கு அப்படி ஒரு சட்டம் இல்ல. இங்க நடந்தது நடந்ததாவே இருக்கும். ஆனா வெப்ராளப்படாதீங்க, ஏன்னா தம்பியை இப்போ தடுக்கிறது 2019ல அரெஸ்ட் ஆனது இல்ல, அந்த கேஸுக்கு இன்னும் முடிவு எழுதப்படாம இருக்கிறது. நிலுவையில உள்ளதுன்னு காட்டுற கேஸ்தான் எல்லா இடத்துலயும் குறுக்க நிக்கும், முடிஞ்ச கேஸ் கையில ஆர்டரோட இருந்தா முக்காவாசி கதவு திறந்துரும். அதனால அழிக்கிற வழியை தேடாம முடிக்கிற வழியை தேடணும், முடிச்சதை போலீஸ் ரெக்கார்டுல ஏத்த வைக்கணும். இந்த ரெண்டும் வேற வேற வேலை, நம்ம ஆளுங்க முதல் வேலையோட நின்னுருவாங்க, பாதி பேரு முதல் வேலையையே செய்யுறதில்ல.

எஃப்.ஐ.ஆர். எப்படி பொண்ணு வீட்டுக்கு போச்சுன்னு கேட்டீங்களே, அதுல யாரும் திருட்டு வேலை பண்ண வேண்டிய அவசியமே இல்ல. 2016 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொன்னது, எஃப்.ஐ.ஆர். போட்ட 24 மணி நேரத்துக்குள்ள போலீஸ் வெப்சைட்டுல ஏத்தணும்னு. பாலியல் குற்றம், போக்சோ, தீவிரவாதம் மாதிரி விஷயங்களுக்கு மட்டும் விலக்கு. குற்றம் சாட்டப்பட்டவனுக்கு தன் மேல என்ன எழுதியிருக்குன்னு உடனே தெரியணும், காப்பிக்காக ஸ்டேஷன் வாசல்ல கெஞ்சக் கூடாதுங்கிற நல்ல எண்ணத்துல வந்த உத்தரவு அது, இப்பவும் அதை நான் நல்ல உத்தரவுன்னுதான் சொல்லுவேன். ஆனா அதே கதவு வழியா பக்கத்து வீட்டுக்காரனும் நுழையலாம். தமிழ்நாடு போலீஸோட இ-சர்வீஸ் பக்கத்துல மாவட்டம், ஸ்டேஷன், வருஷம், எஃப்.ஐ.ஆர். நம்பர் தெரிஞ்சா யார் வேணும்னாலும் எடுக்கலாம். பேரைப் போட்டு தேட முடியாது, நம்பர் வேணும், அதனால உங்க விஷயத்துல நம்பர் தெரிஞ்ச ஊர்க்காரன் யாரோதான் எடுத்திருக்கணும்.

எஃப்.ஐ.ஆர். தவிர கைது விவரமே பொதுவுல வைக்கணும்னும் சட்டம் இருக்கு. பழைய குற்ற நடைமுறைச் சட்டம் சி.ஆர்.பி.சி.ல பிரிவு 41சி, யாரை அரெஸ்ட் பண்ணினாங்க, யார் பண்ணினாங்கன்னு மாவட்ட கன்ட்ரோல் ரூம் போர்டுல எழுதி வைக்கணும்னு. அதுக்கு பதிலா 2024 ஜூலை 1ல இருந்து வந்த பி.என்.எஸ்.எஸ்.ல அது 37, ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் ஏ.எஸ்.ஐ.க்கு குறையாத ஒருத்தர் அதுக்கு பொறுப்பு, பேரு விலாசம் என்ன குற்றம்ங்கிறது ஸ்டேஷன்லயும் மாவட்ட தலைமையிடத்துலயும் தெரியுற மாதிரி வைக்கணும், டிஜிட்டலாவும் வைக்கலாம். இது ஆளை அவமானப்படுத்த வந்த சட்டம் இல்ல, ஒருத்தனை ராத்திரி தூக்கிட்டு போய் எங்க வச்சிருக்காங்கன்னே தெரியாம வீட்டுக்காரங்க அலையக் கூடாதுன்னு வந்தது. அதை மறந்துறக் கூடாது.

விவரம் வெளிய தெரியுற மூணாவது வழி இ-கோர்ட்ஸ், கோர்ட்டுல இருக்கிற கேஸ் நிலவரம் காட்டுற அரசு வெப்சைட். இதுதான் இப்போ பெரிய விஷயம். சார்ஜ் ஷீட், அதாவது போலீஸ் குடுக்கிற குற்றப்பத்திரிகை, கோர்ட்டுல நம்பர் ஆச்சுன்னா பேரைப் போட்டே தேடலாம், கம்பெனிக்காரங்க பேக்கிரவுண்ட் செக் பண்ணுறவங்க எல்லாம் இதைத்தான் பாக்குறாங்க. சி.சி.டி.என்.எஸ். உள்ள இருக்கிற முழு விவரம் போலீஸ் கண்ணுக்கு மட்டும்தான், வெளியாள் யாரும் பாக்க முடியாது.

சரி, இப்போ நீங்க செய்ய வேண்டியது. முதல்ல கேஸ் எந்த நிலையில இருக்குன்னு கண்டுபிடிங்க, அது தெரியாம எந்த வக்கீல்கிட்ட போனாலும் பிரயோஜனம் இல்ல. இ-கோர்ட்ஸ் ஆப்பை போன்ல இறக்கி தமிழ்நாடு, கன்னியாகுமரி மாவட்டம்னு எடுத்தா கோர்ட் காம்ப்ளெக்ஸ் வரிசையா வரும், நாகர்கோவில், பத்மநாபபுரம், குழித்துறை, இரணியல், பூதப்பாண்டின்னு. உங்க ஸ்டேஷன் எந்த கோர்ட்டுக்கு உள்ளன்னு தெரியலேன்னா ஒண்ணு விடாம பாருங்க. பேரை வச்சு தேடும்போது ஒரு சிக்கல், போலீஸ் இங்கிலீஷ்ல எப்படி எழுதினாங்களோ அப்படித்தான் இருக்கும். சுரேஷ்குமார்னு பள்ளிக்கூட சர்டிபிகேட்ல இருக்கிற பையன் கேஸ்ல வெறும் சுரேஷா இருப்பான், ஜஸ்டின்ங்கிற பேருக்கு எழுத்து நாலு விதமா வரும், அப்பா பேரை வேற மாத்தி எழுதியிருப்பாங்க. அதனால பேரை நம்பாம எஃப்.ஐ.ஆர். நம்பர்னு ஒரு பகுதி இருக்கும் பாருங்க, அதுல ஸ்டேஷனை எடுத்து க்ரைம் நம்பரும் வருஷமும் போடுங்க. கேஸ் கோர்ட்டுக்கு வந்திருந்தா சி.சி.ன்னோ எஸ்.டி.சி.ன்னோ கோர்ட் போட்ட கேஸ் நம்பர் வரும், தட்டிப் பாத்தா ஒவ்வொரு வாய்தாவும் என்ன நடந்துதுன்னு கீழே வரிசையா இருக்கும். அங்க சம்மன்னு இருக்கா, பிடிவாரண்டுன்னு இருக்கா, முடிஞ்சுதுங்கிறதுக்கு டிஸ்போஸ்டுன்னு இருக்கான்னு பாருங்க. அந்த ஒரு வரியிலதான் தம்பியோட தலையெழுத்து இருக்கு.

பிடிவாரண்டுன்னு இருந்தா பேடிக்க வேண்டாம், ஆனா ஒரு நாள்கூட தள்ளிப் போடக் கூடாது. நம்ம பக்கம் இது ரொம்ப சாதாரணமா நடக்குது, பையன் கடலுக்கோ கேரளாவுக்கோ வேலைக்கு போயிருப்பான், சம்மன் பழைய விலாசத்துக்கு போயிருக்கும், ஆள் இல்லைன்னு திரும்பியிருக்கும், கோர்ட் வாரண்ட் போட்டிருக்கும், வீட்டுல யாருக்கும் தெரியாது. திருவனந்தபுரம் ஏர்போர்ட்ல போய் மாட்டுறதை விட, தானா வக்கீலோட போய் வாரண்டை ரீகால் பண்ண மனு போடுறது ஆயிரம் மடங்கு நல்லது. சின்ன கேஸ்ல தானா வந்து நிக்கிறவனை மாஜிஸ்ட்ரேட் பெரும்பாலும் கடிச்சு துப்புறதில்ல.

இ-கோர்ட்ஸ்ல ஒண்ணுமே வரலேன்னா ரெண்டு சாத்தியம். ஒண்ணு, போலீஸ் இன்னும் சார்ஜ் ஷீட்டே போடல. இல்லேன்னா கேஸை மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட், அதாவது தவறான தகவல்ல பதிவானதுன்னோ மேல் நடவடிக்கை கைவிடப்பட்டதுன்னோ ரிப்போர்ட் குடுத்து மூடியிருப்பாங்க, அது கம்ப்யூட்டர்ல ஏறாம கிடக்கும். எதுன்னு தெரிய ஸ்டேஷன் ரைட்டர்கிட்ட நேர்ல கேக்கலாம், பதில் வரலேன்னா எஸ்.பி. ஆபீஸ் பொது தகவல் அலுவலருக்கு பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி தம்பியே ஆர்.டி.ஐ. போடலாம், க்ரைம் நம்பரை போட்டு இறுதி அறிக்கை தாக்கல் ஆனதா, ஆனா எந்த தேதி, எந்த கோர்ட்னு மட்டும் கேளுங்க. 30 நாள்ல பதில் குடுக்கணும்.

சார்ஜ் ஷீட் போடலேன்னா ஒரு நல்ல வழி இருக்கு. திருவிழா அடிதடின்னா நம்ம ஊர் போலீஸ் போடுற பிரிவு பழைய தண்டனைச் சட்டம் ஐ.பி.சி.ல 294 பி (ஆபாசமா திட்டினது), 323 (அடிச்சு காயம்), 506 ஒண்ணு (மிரட்டல்), இந்த மூணும் கூடப்பிறந்த மாதிரி சேந்தே வரும். புது தண்டனைச் சட்டம் பி.என்.எஸ்.ல 296 பி, 115(2), 351(2). இதுல 506 ஒண்ணுக்குத்தான் அதிகபட்சம், ரெண்டு வருஷம். ஒரு வருஷத்துக்கு மேல மூணு வருஷம் வரை தண்டனை உள்ள குற்றத்துக்கு மூணு வருஷத்துக்குள்ள கோர்ட் கேஸை எடுக்கணும்னு பழைய சி.ஆர்.பி.சி. 468ல காலவரம்பு உண்டு. புது பி.என்.எஸ்.எஸ். 514ல எஃப்.ஐ.ஆர். பதிவான தேதியை வச்சுத்தான் கணக்குன்னு சேத்துட்டாங்க, அதனால புது கேஸுக்கு இந்த வாதம் ஓடாது. 2019 கேஸ்ல இன்னும் சார்ஜ் ஷீட் இல்லேன்னா அந்த வரம்பு எப்பவோ தாண்டியாச்சு. தாமதத்துக்கு நியாயமான காரணம் இருந்தா கோர்ட் மன்னிக்கவும் அதிகாரம் இருக்கு, ஆனா சாதாரண அடிதடி கேஸ்ல இதை காட்டி ஹைகோர்ட்டோட மதுரை பெஞ்ச்ல எஃப்.ஐ.ஆர்.ஐ ரத்து பண்ண கேக்குறது பலமான வாதம். எஃப்.ஐ.ஆர்.ல ஆயுதத்தால காயம்ங்கிற 324 இருந்தாலும் அதுக்கும் அதிகபட்சம் மூணு வருஷம்தான், ஆனா ஆயுதத்தால கொடுங்காயம் 326, கொலை முயற்சி 307 எல்லாம் வந்தா இந்த வாதம் ஓடாது. அதனால எஃப்.ஐ.ஆர்.ல என்ன பிரிவுன்னு முதல்ல பாருங்க.

சார்ஜ் ஷீட் போட்டு கேஸ் நடக்குதுன்னா, சமாதானம் ஆச்சுன்னு சொன்னீங்களே, அதை கோர்ட்டுல கொண்டு வரணும். பஞ்சாயத்துல கையெழுத்து போட்டு, அந்த பேப்பரை ஸ்டேஷன்ல குடுத்து, ரெண்டு பக்கமும் சாயா குடிச்சு பிரிஞ்சா கேஸ் முடியாது. எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகு புகார் குடுத்தவரே வாபஸ்னு எழுதிக் குடுத்தாலும் ஸ்டேஷனால அதை கிழிச்சு போட முடியாது, ஏன்னா அது இப்போ அரசு நடத்துற கேஸ். உங்க வீட்டுலயும் இதுதான் நடந்திருக்கும்னு எனக்கு நல்லா தோணுது.

கோர்ட்டுல சமாதானம் ஆகுறதுக்கு ஒரு பட்டியல் இருக்கு, பழைய சி.ஆர்.பி.சி. 320, இப்போ பி.என்.எஸ்.எஸ். 359. அதுல 323ம் 506 ஒண்ணும் வரும், அடிபட்டவர் வந்து ஒத்துக்கிட்டா முடிஞ்சுது. ஆனா 294 பி அந்த பட்டியல்ல கிடையாது. ஆபாசமா திட்டினதுக்கு உள்ள பிரிவு அது, மூணு மாச தண்டனைதான், ஆனா அது ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்கிறதால கேஸ் முழுசா முடியாம கிடக்கும். அடிச்சதுக்கு சமாதானம் ஆகலாம் திட்டினதுக்கு ஆக முடியாதுங்கிறது எனக்கு இன்னும் நியாயமா படல, ஆனா சட்டம் இப்போ அப்படித்தான். அப்போ வழி மதுரை பெஞ்ச்தான், நம்ம மாவட்டம் 2004ல இருந்து அதுக்கு உள்ள. பழைய 482, இப்போ 528ங்கிற பிரிவுல கிரிமினல் ஓ.பி.ங்கிற ரத்து மனு போட்டு, ரெண்டு தரப்பும் கையெழுத்து போட்ட சமாதான மெமோ வச்சு, அடிபட்டவர் அடையாள அட்டையோட ஆஜராகி ஆமா எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு சொன்னா ஹைகோர்ட் கேஸை ரத்து பண்ணலாம், பட்டியல்ல இல்லாத பிரிவா இருந்தாலும் சரி. 2012ல சுப்ரீம் கோர்ட் கியான் சிங் கேஸ்ல இதை தெளிவா சொல்லிருச்சு, கொலை பாலியல் வன்முறை மாதிரி சமூகத்தையே பாதிக்கிற குற்றத்துக்கு இது பொருந்தாதுன்னும் சொல்லிருச்சு. அதனால அடிபட்ட பையனோட நல்ல உறவுல இருக்கீங்கன்னா அதை இப்பவே பயன்படுத்துங்க, அவனும் நாளைக்கு வெளிநாடு போயிட்டா கையெழுத்துக்கு அலையணும்.

இன்னொரு வழியை யாராவது காட்டுவாங்க, அதுதான் எனக்கு பயம். தம்பி, குற்றத்தை ஒத்துக்கோ, ஆயிரமோ ரெண்டாயிரமோ ஃபைன் கட்டு, இன்னைக்கே முடிஞ்சிரும்னு. அன்னைக்கே முடியும்தான், ஆனா அது தண்டனை. ஃபைன் கட்டினவன் சட்டத்துல தண்டிக்கப்பட்டவன், விடுதலை ஆனவன் இல்ல. சீட்டாட்டம், குடிச்சுட்டு ரகளைன்னு பெட்டி கேஸ்ல நம்ம பயலுவ எத்தனை பேரு இப்படி கட்டிட்டு வந்து, பிறகு அரசு வேலை ஃபார்ம்ல தண்டனை உண்டான்னு கேக்கும்போது திகைச்சு நிக்கிறாங்க தெரியுமா. குற்றம் செஞ்சது உண்மைதான், வேற வழி இல்லைன்னா வக்கீல்கிட்ட, தண்டனைக்கு பதிலா எச்சரிச்சோ உறுதி வாங்கியோ விடுற 1958 நன்னடத்தை சட்டத்துல விடச் சொல்லி கேளுங்க. அதுல பிரிவு 3லயோ 4லயோ விட்டா, 12ங்கிற பிரிவு அந்த தண்டனையால வர்ற தகுதியிழப்பு வராதுன்னு சொல்லுது. தீர்ப்பு அழியாது, ஆனா வெறும் ஃபைனை விட எவ்வளவோ மேல்.

ஒருவேளை உங்க தம்பிக்கோ இதை வாசிக்கிற வேற யாருக்கோ போலீஸ் வேலை ஆசை இருந்தா, எப்படி முடியுதுங்கிறது இன்னும் முக்கியம். தமிழ்நாட்டு போலீஸ் தேர்வு விதியில சந்தேகத்தின் பலனை குடுத்து விடுதலை ஆனாலோ, சாட்சி பல்டி அடிச்சு விடுதலை ஆனாலோ, அவனை கிரிமினல் கேஸ்ல சம்பந்தப்பட்டவனாத்தான் எடுத்துக்குவோம்னு இருக்கு, 2008ல சென்னை ஹைகோர்ட் ஃபுல் பெஞ்சும் அதை சரின்னு சொல்லிருச்சு. கௌரவமா விடுதலை ஆகியிருக்கணும், இல்லேன்னா மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்னு கேஸ் முடிஞ்சிருக்கணும். சாட்சிகளை பிறழ வச்சு சீக்கிரம் முடிச்சுத் தாரேன்னு வக்கீல் சொல்லும்போது அந்த பையன் அடுத்த வருஷம் எஸ்.ஐ. எக்ஸாம் எழுதுறவன்னு அவருக்கு தெரியாது, நீங்கதான் முன்னாடியே சொல்லணும்.

முடிவு வந்தாச்சுன்னு வச்சுக்குவோம், ரத்தோ விடுதலையோ எதுவா இருந்தாலும். இங்கதான் ரெண்டாவது வேலை. கோர்ட் நகல் பிரிவுல காப்பி அப்ளிகேஷன் போடுங்க, அதுல கேஸ் நம்பர், பார்ட்டி பேரு, முடிவான தேதி, தீர்ப்பு நகல் வேணும்னு எழுதணும், ஒண்ணுக்கு மேல காப்பி கேளுங்க. கோர்ட் முத்திரையும் சான்று கையெழுத்தும் உள்ள காப்பிதான் செல்லும், நெட்டுல டவுன்லோடு பண்ணினது தகவலுக்கு மட்டும். ஒரு செட்டை தம்பியோட பாஸ்போர்ட் வச்சிருக்கிற இடத்துலயே பத்திரமா வைங்க, வருஷம் ஆகும்போது பழைய கோர்ட் கட்டை அழிக்கிற வழக்கம் உண்டு, அப்போ அந்த காப்பி மட்டும்தான் ஆதாரம். இன்னொரு செட்டோட ஒரு மனு எழுதி ஸ்டேஷன்ல குடுத்து சி.எஸ்.ஆர். இல்லேன்னா ஒப்புகை சீட்டு வாங்குங்க. மனுல ஒரே விஷயம்தான், இந்த க்ரைம் நம்பர் கேஸ் இந்த தேதியில இந்த கோர்ட்டுல இப்படி முடிஞ்சுது, சி.சி.டி.என்.எஸ்.லயும் ஸ்டேஷன் ரெக்கார்டுலயும் அதை ஏத்துங்கன்னு. அதே மனுவை எஸ்.பி.க்கு ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க. ஸ்டேஷன்ல கோர்ட் டியூட்டி பாக்குற கான்ஸ்டபிள் தீர்ப்பு விவரத்தை தானா ஏத்தணும்ங்கிறதுதான் முறை, ஆனா ஆள் மாறும், வேலை குமியும், விட்டுப் போகும். மேற்குப் பக்கம் ஒரு ஸ்டேஷன்ல விடுதலை ஆகி வருஷக்கணக்கா ஆன ஒரு ஆளுக்கு வெரிஃபிகேஷன்ல நிலுவைன்னே எழுதி அனுப்பிட்டாங்க, தீர்ப்பு காப்பியை கொண்டு காட்டின பிறகுதான் மாத்தினாங்க, அதுக்குள்ள அவருக்கு வந்த விசா போச்சு. மனு குடுத்தும் ஏத்தலேன்னா மதுரை பெஞ்ச்ல ரிட் போடலாம், பெரும்பாலும் அது வரைக்கும் போக வேண்டி வராது.

பதினெட்டு தாண்டினவங்களுக்கு ஒரே ஒரு விஷயத்துல மட்டும் உண்மையாவே அழிக்கணும்னு சட்டம் சொல்லுது, இது நிறைய பேருக்கு தெரியாது. கைரேகை, போட்டோ, கண் ஸ்கேன் மாதிரி எடுத்திருந்தா 2022ல வந்த குற்ற நடைமுறை அடையாள சட்டப்படி 75 வருஷம் வரை தேசிய அளவுல வைக்கலாம். ஆனா முன்னாடி தண்டனை எதுவும் இல்லாத ஆள் விசாரணை இல்லாம விடப்பட்டாலோ, சாட்சி விசாரணைக்கு முன்னாடியே கோர்ட் விடுவிச்சு டிஸ்சார்ஜ் ஆனாலோ, அப்பீல் எல்லாம் முடிஞ்சு விடுதலை ஆனாலோ அந்த பதிவை அழிக்கணும், கோர்ட் காரணம் எழுதி வேண்டாம்னு சொன்னா தவிர. அதையும் அதே மனுல ஒரு பாராவா கேட்டு வைங்க.

இப்போ குவைத் விஷயம். வெளிநாட்டுக்கு வேணும்கிற பி.சி.சி.யை குடுக்கிறது பாஸ்போர்ட் ஆபீஸ், நம்ம மாவட்டம் மதுரை மண்டலத்துல வருது, போலீஸ் ரிப்போர்ட் மட்டும் நம்ம ஸ்டேஷன்ல இருந்து போகும். தமிழ்நாடு போலீஸ் ஆன்லைன்ல குடுக்கிற வெரிஃபிகேஷன் ரிப்போர்ட் வேற, உள்ளூர் கம்பெனிக்கு அது போதும், குவைத்துக்கு அதை கொண்டு போய் பிரயோஜனம் இல்ல. கேஸ் முடிஞ்ச ஆர்டரோட திரும்ப போட்டாதான் பி.சி.சி. ஓடும். பாஸ்போர்ட் புதுப்பிக்கிறதுல கொஞ்சம் இடம் இருக்கு. பாஸ்போர்ட் சட்டத்துல 6(2)(எஃப்) கோர்ட்டுல நிலுவையில உள்ள கேஸுக்குத்தான் தடை, வெறும் எஃப்.ஐ.ஆர். விசாரணையில இருக்குன்னா அது நிலுவைக் கேஸ் ஆகாதுன்னு வெளியுறவு அமைச்சகமே 2019 அக்டோபர்ல தெளிவு பண்ணியிருக்கு. கோர்ட்டுல கேஸ் நடந்தாலும், 1993 அறிவிப்புப்படி அந்த கோர்ட்டுலயே அனுமதி வாங்கி பாஸ்போர்ட் எடுக்கலாம், ஆர்டர்ல எத்தனை வருஷம்னு சொல்லலேன்னா ஒரு வருஷத்துக்குத்தான் குடுப்பாங்க, அதனால காலத்தை சேத்து எழுதச் சொல்லி வக்கீல்கிட்ட மறக்காம சொல்லுங்க.

எந்த ஃபார்மா இருந்தாலும் கேள்வியை வார்த்தை வார்த்தையா வாசிக்கணும். கேஸ் நிலுவையில இருக்கான்னு கேட்டா ஒரு பதில், தண்டனை உண்டான்னு கேட்டா ஒரு பதில், எப்பவாவது கைது ஆனதுண்டான்னு கேட்டா வேற பதில். கப்பல் வேலைக்கு போற நம்ம பயலுவளுக்கு அமெரிக்க விசா ஃபார்ம்ல அந்த கடைசி கேள்விதான் வரும், விடுதலை ஆகியிருந்தாலும் ஆமான்னுதான் போடணும், கூட ஆர்டரை வச்சுக்கணும். அரசு வேலையில 2016ல அவ்தார் சிங் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொன்னது இதுதான், சின்ன வயசுல கோஷம் போட்டது மாதிரி அற்பமான கேஸை அதிகாரி மன்னிக்கலாம், ஆனா மறைச்சா அதுவே வேலையை தின்னுரும். உண்மையை எழுதி தோத்தவனை விட மறைச்சு பிடிபட்டவன் பாடுதான் நான் பாத்தவரை கஷ்டம்.

கோஷம்னு சொன்னதும் ஞாபகம் வருது. 2017 டிசம்பர்ல ஒக்கி புயலுக்குப் பிறகு காணாம போனவங்களை தேடித் தாங்கன்னு குழித்துறையில ரயில் மறிச்ச கடலோர சனம், அது மாதிரி போராட்டத்துல கலந்துக்கிட்டவங்க எல்லாருக்கும் சொல்லுறேன். எஃப்.ஐ.ஆர்.ல கொஞ்சம் பேருக்கு பேரு போட்டு மற்றும் பலர்னு முடிச்சிருப்பாங்க. அந்த பலர்ல பிறகு உங்க பேரு சேந்துச்சா இல்லையான்னு சார்ஜ் ஷீட்டை பாத்தாதான் தெரியும். அரசு வாபஸ் வாங்குறோம்னு அறிவிச்சா மட்டும் போதாது, 2021 பிப்ரவரியில லாக்டவுன் கேஸ்களை கைவிடுறோம்னு அறிவிப்பு வந்ததே, அதுவும் அப்படித்தான். கோர்ட்டுக்கு போன கேஸ்ல அரசு வக்கீல் மனு போட்டு மாஜிஸ்ட்ரேட் சம்மதிச்சு ஆர்டர் போட்டாதான் முடிவு. அந்த ஆர்டர் உங்க கேஸ்ல இருக்கான்னு போய் பாருங்க.

பதினெட்டு வயசுக்கு கீழ நடந்த சம்பவம்னா நிலைமையே வேற. சிறார் நீதி சட்டம் 2015, பிரிவு 24 எந்த தகுதியிழப்பும் வராது, அப்பீல் காலம் முடிஞ்சதும் ரெக்கார்டை அழிக்கணும்னு சொல்லுது, பதினாறு தாண்டினவன் கொடூர குற்றத்துல தண்டிக்கப்பட்டா மட்டும் விலக்கு. 74ல முடிஞ்ச கேஸை நடத்தை சான்றுக்கு போலீஸ் வெளிய சொல்லவே கூடாதுன்னு இருக்கு. தம்பிக்கு 2019ல என்ன வயசுன்னு நீங்க எழுதல, பதினெட்டு ஆகலேன்னா பிறப்பு சான்றோட முதல்ல அதை சொல்லுங்க, போலீஸ் பத்தொம்பதுன்னு எழுதியிருந்தாலும் சரி, அந்த வாதத்தை எந்த நிலையிலயும் எழுப்பலாம்.

எல்லை தாண்டி பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம் கேஸ் உள்ளவங்களும் நம்ம மாவட்டத்துல நிறைய. அவங்களுக்கு தமிழ்நாட்டு வெப்சைட்டுல ஒண்ணும் வராது, கேரளா போலீஸோட துணா பக்கத்துலயும் கேரளா இ-கோர்ட்ஸ்லயும் தேடணும், ரத்து மனு எர்ணாகுளம் ஹைகோர்ட்டுல. களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் வீடுங்கிறதால மதுரைக்கு போக முடியாது.

ரவுடி லிஸ்ட்டு, ஹிஸ்டரி ஷீட்டுன்னு ஒருத்தரை கண்காணிக்க போலீஸ் வைக்கிற பதிவு இது எல்லாத்துல இருந்தும் தனி. கேஸ் முடிஞ்சாலும் அது ஸ்டேஷன்ல ஓடிட்டே இருக்கலாம், ஏட்டு வீட்டுக்கு வந்துட்டே இருப்பார். போலீஸ் நிலையாணைப்படி அதை வருஷக்கடைசி தாண்டி நீட்டிக்கணும்னா மேலதிகாரி உத்தரவு வேணும், காரணமில்லாம நீட்டிக்க முடியாது. எஸ்.பி.க்கு மனு, அசையலேன்னா மதுரையில ரிட், இதுல நிறைய பேருக்கு நிவாரணம் கிடைச்சிருக்கு.

நெட்டுல கிடக்கிற பேரும் போட்டோவும் கடைசி. லோக்கல் நியூஸ் பக்கம் கைதுன்னு போட்டுட்டு விடுதலைன்னு போடவே மாட்டாங்க. அவங்க குறைதீர் அலுவலருக்கு ஆர்டர் காப்பியோட எழுதி எடுக்கவோ திருத்தவோ கேளுங்க, 2021 ஐ.டி. விதிப்படி 15 நாள்ல முடிவு சொல்லணும். தீர்ப்புல இருக்கிற பேரை மறைக்கிறது இப்போதைக்கு தீராத விஷயம். விடுதலை ஆன ஒருத்தர் கேட்டு 2021ல சென்னை ஹைகோர்ட் மறுத்துச்சு, 2024 பிப்ரவரியில மதுரை பெஞ்ச் மறைக்கச் சொல்லுச்சு, அதே வருஷம் ஜூலையில சுப்ரீம் கோர்ட் அதுக்கு தடை போட்டுருச்சு. அதனால இதுக்கு யாராவது உறுதி சொல்லி பணம் கேட்டா நம்பாதீங்க.

பொண்ணு வீட்டுக்கு என்ன சொல்லன்னு கேக்குறீங்க. என் அபிப்பிராயம், நீங்களே போய் எஃப்.ஐ.ஆர்.ஐயும் இ-கோர்ட்ஸ் நிலவரத்தையும் காட்டி உள்ளதை சொல்லுங்க. ஊரான் கொண்டு காட்டினது பாதிக் கதை, மீதியை சொல்ல வேண்டியவங்க நீங்கதான்.

வக்கீலுக்கு வசதி இல்லேன்னா நாகர்கோவில் கோர்ட் வளாகத்துல மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு, 15100ல கூப்பிடலாம், மதுரை பெஞ்ச்லயும் தனியா ஒண்ணு இருக்கு. இப்போதைக்கு தம்பிகிட்ட எஃப்.ஐ.ஆர். நம்பரை வாங்கி இ-கோர்ட்ஸ்ல பாத்து, என்ன பிரிவு, என்ன ஸ்டேஜ், சம்பவ தேதியில தம்பிக்கு என்ன வயசு, இந்த மூணை மட்டும் எழுதுங்க, அடுத்து எந்த மனுன்னு சொல்லுறேன். பேரு, ஊரு, எஃப்.ஐ.ஆர். போட்டோ எதையும் எல்லாரும் பாக்குற இடத்துல போட்டுறாதீங்க.